மரக்குழலில் குற்றமில்லை

9 ஜூன், ஞாயிறு

கிடைத்துவிட்டது. இந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் மூடி வைத்திருந்த டைரியை மறுபடியும் தூசி தட்டி எடுத்தேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர் வீடு. டாக்டர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் மருமகள் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து மேலே காட்டினார். உத்தரத்தில் பழைய சேலையைத் தொட்டில் மாதிரி கட்டி, அதற்குள் கிராமபோனின் மரக்குழல் தொங்கிக்கொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போங்க டீச்சர். இதுக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சே எனக்கு முதுகு வளைஞ்சு போச்சு" என்றார்.

இதழ் இதழாகச் செய்து ஒட்டிய ஓக் மரக்குழல். விரிந்த பூ மாதிரி வாய். பெட்டியும் அதற்கென்றே பிறந்தது. ஏதோ ஒரு பெட்டியில் புதுப் பித்தளைக் குழலை மாட்டி, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்று தலையில் கட்டுகிற வேலை இதில் இல்லை. அப்படிக் கட்டப்பட்டவை எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று உண்டு. பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள்தான் ஏமாந்தேன். அது போகட்டும்.

வரும்போது குழலை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசீர் கார் ஓட்டினார். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஃபோர்மேன். கரண்டு ஆபீஸ்காரன் வீட்டில் கரண்டே வேண்டாத பெட்டியாகச் சேருகிறதே என்று அவர் ஆபீஸில் கேலி செய்வார்களாம். நாங்குநேரி தாண்டி, லாரி இரைச்சலுக்கு நடுவில் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். நன்றாகச் சிரித்தேன். காரிலும் பஸ்ஸிலும் கணீரென்று பேசுகிற மனிதர், வீட்டுக்குள் நுழைந்ததும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொள்வார். என்ன வியாதியோ.

10 ஜூன்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மோட்டாரைப் பிரித்தேன். சுருள்வில் நன்றாக இருக்கிறது. பழைய கிரீஸ் மட்டும் அல்வாவாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருக்கிறேன். கை நாற்றம் போகவில்லை, தோசையை ஆசீர்தான் சுட்டார்.

பெட்டியோடு ஒரு இசைத்தட்டும் வந்திருக்கிறது. லேபிளைப் பூச்சி அரித்துவிட்டதால் பாடியவள் யார் என்று தெரியவில்லை. ஆனால் கவலை இல்லை. அந்தக் காலத்துத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடினவர்களே தங்கள் பேரைச் சொல்லிவிடுவார்கள். கடல் தாண்டி எங்கேயோ தட்டு அச்சடிக்கிறவனுக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்காக. ஆக, இவள் பேர் தட்டிலேயே இருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால் போதும்.

16 ஜூன், ஞாயிறு

போட்டுக் கேட்டேன். இந்தச் சத்தத்துக்கா இத்தனை வருடம் அலைந்தேன் என்று இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்னால் கொச்சியில் ஒரு கண்காட்சியில்தான் முதன்முதலாக மரக்குழல் கேட்டேன். பித்தளைக்குழல் கத்தும், மரக்குழல் பேசும் என்று சொல்வார்கள். அன்றைக்கு அது என்னிடம் பேசியது. பாடுகிறவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்குவது வரை கேட்டது. அதிலிருந்து பிடித்த பைத்தியம் இது.

இன்றைக்குக் கேட்டது, பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ பாடுகிற மாதிரி. கடைசியில் அவள் பேர் சொல்லும் இடத்தில் புடவை சரசரப்பது போல் ஒன்று. அவ்வளவுதான். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டேன். ஆசீர் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். நடிப்பு. என்னைச் சமாதானப்படுத்துகிறாராம்.

29 ஜூன்

ஊசியின் அதிர்வைச் சத்தமாக்குகிற சவுண்ட் பாக்ஸைப் பிரித்து ஓரத்து ரப்பர்களைப் புதிதாகப் போட்டேன். நூறு வருடத்து ரப்பர், கல்லாகிவிட்டது. மைக்கா தகட்டையும் மாற்றினேன்.

முன்னைக்கு இப்போது தேவலை என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மனம் வரவில்லை. அப்படியேதான் இருக்கிறது.

7 ஜூலை, ஞாயிறு

கோயிலில் ஆசீர் வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து வலது பக்கம் உட்காருகிறவர். கேட்டால் அந்தப் பக்கம் ஃபேன் காற்று வருகிறதாம். சபைக்குப் புதிதாக வந்திருக்கும் பாதிரி ஐயர் நல்லவர், ஆனால் பிரசங்கத்தைத் தன் சட்டைப் பைக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார். நான் பாட்டுப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து பிரசங்கம் பற்றி ஆசீர் ஏதோ கேட்க, நான் ஏதோ சொல்ல, அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸ் அன்றைக்கும் அதே பார்வையோடுதான் வந்தார், காது டாக்டரிடம் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாமா என்று. நான் என்ன எங்க அம்மா மாதிரியா ஆயிட்டேன் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். கேக் தட்டு உடைந்தது தற்செயல். அதன் பிறகு அந்தப் பேச்சு இந்த வீட்டில் எழவில்லை.

அம்மா கடைசிக் காலத்தில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். யார் என்ன சொன்னாலும் சிரிப்பு. சாவுச் செய்தி சொன்னாலும். நாளாக ஆக அவளிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. இதை ஏன் எழுதுகிறேன். புளி வாங்க வேண்டும்.

13 ஜூலை

ஆசீர் மீசையை எடுத்துவிட்டார்!

14 ஜூலை

நேற்று எழுதக் கை வரவில்லை, அத்தனை சிரிப்பு. பொண்ணு பார்க்க வந்தபோது என் கண்ணில் முதலில் பட்டதே அந்த மீசைதான். இத்தனை வருடமும் கம்பம் ஏறும்போதும் இறங்கும்போதும் முறுக்கிவிட்டுக்கொண்டிருந்த மீசை. நரைத்துவிட்டதாம், சாயம் பூச அலுப்பாக இருக்கிறதாம். கோயிலில் எல்லோரும் அவரைக் கடந்து போய், திரும்பி வந்து பார்த்தார்கள். முகம் உரித்த உருளைக்கிழங்காக இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மீசையோடு அந்த முணுமுணுப்பும் போய்விட்டது. இப்போது திருத்தமாகப் பேசுகிறார். மீசை இத்தனை வருடமும் சத்தத்தை வடிகட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ. மயிர்க்கற்றைகள் ஒலியை உறிஞ்சும், பாடத்திலேயே இருக்கிறது.

2 ஆகஸ்ட்

மதிய மணி அடிக்கவில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒத்ததிர்வு நடத்திக்கொண்டே இருந்தேன். எல்லோரும் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு பார்த்தால் மைதானம் முழுக்க டிபன் பாக்ஸ். வாட்ச்மேனிடம் கேட்டதற்கு வழக்கம் போல அடித்தேன் டீச்சர் என்று சத்தியம் செய்கிறார். ஹெச்.எம். கூப்பிட்டு, வகுப்பில் கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், பின் பெஞ்சுக்குக் கேட்கவில்லையாம் என்றார். என் குரல் என் தலைக்குள் கணகணவென்று ஒலிக்கிறது, இதைவிட எப்படிச் சத்தமாகப் பேசுவது?

11 ஆகஸ்ட், ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து குருநாதன் அண்ணாச்சி வந்தார். தீப்பெட்டிக் கம்பெனியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, என்னைப் போலவே கிராமபோன் பின்னால் அலைகிறவர். அவரிடம் இருப்பதெல்லாம் பித்தளை. மரக்குழலைப் பார்த்ததும் செருப்பை வாசலில் விட்டு, கையைக் கழுவிவிட்டு வந்துதான் தொட்டார்.

தட்டைப் போட்டேன். பாட்டு முடிகிற வரை கண்ணைத் திறக்கவில்லை. "டீச்சர், இப்படி ஒரு சத்தத்த நான் என் ஆயுசுல கேட்டதில்ல. கடைசில அந்தம்மா பேரு சொல்லுதாவ பாத்தியளா, என்ன தெம்பு!" என்றார்.

என்ன பேர் என்று கேட்கலாம்தான். வீட்டுக்குச் சொந்தக்காரி நான், என் மிஷின், என் தட்டு, நான் போய் விருந்தாளியிடம் கேட்கவா? "ஆமா, தெம்புதான்" என்று தலையாட்டினேன்.

உடனே, ரெண்டு பித்தளைக்குழல் மிஷினைத் தருகிறேன், இதைத் தாருங்கள் என்று ஆரம்பித்துவிட்டார். அதானே பார்த்தேன். வாங்க வந்தவர் மட்டம் தட்டத்தான் செய்வார், இவர் என்ன புகழ்கிறார் என்று யோசித்தேன். தரமாட்டேன் என்றேன். தேங்காய்ப்பால் சொதி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

18 ஆகஸ்ட்

காலிங் பெல் காயில் சரியில்லை என்று ஹாலில் ஒரு சிவப்பு பல்பை மாட்டியிருக்கிறார் ஆசீர். யாராவது வாசலில் பொத்தானை அழுத்தினால் பல்பு எரிகிறது. அடுக்களையிலும் ஒன்று. வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. காயில் சரியில்லையென்றால் காயிலை மாற்ற வேண்டியதுதானே என்றேன். எங்கேயோ பார்த்துக்கொண்டு போய்விட்டார். கரண்டுக்காரரின் வீட்டு வேலை இந்த லட்சணம்.

7 செப்டம்பர்

கண்டுபிடித்துவிட்டேன். டார்ச் அடித்துக் குழலுக்குள்ளே பார்த்தேன். உட்புறம் முழுக்கத் தடிமனாக ஒரு மெருகு. எவனோ ஒரு காலத்தில் பளபளப்பாக இருக்கட்டும் என்று உள்ளேயும் பூசித் தொலைத்திருக்கிறான். மரம் மூச்சு விட முடியாமல் கிடக்கிறது, அதுதான் சத்தம் அமுங்குகிறது.

வழி ஒன்றுதான். ஆவி காட்டி, ஒட்டை இளக்கி, இதழ்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். உள்ளே சுரண்டிவிட்டு வஜ்ஜிரப் பசை காய்ச்சி மறுபடி ஒட்ட வேண்டும். காலாண்டு விடுமுறையில் செய்துவிடலாம். அண்ணாச்சியிடம் போனில் சொன்னேன். அவர் பதறியது மட்டும் புரிந்தது. போனை ஆசீரிடம் கொடுத்தேன்.

"நூறு வருஷ மரமாம். ஆவி பட்டா முறுக்கிக்கிடுமாம். ஒரு தடவ பிரிச்சா திரும்பச் சேராதாம்" என்றார் ஆசீர் என் முகத்துக்கு நேராக நின்று.

"அவருக்கு மிஷின் மேல கண்ணு. அப்படித்தான் சொல்வாரு."

"வயலட், இதுவரைக்கும் உன் பெட்டி விஷயத்துல நான் தலையிட்டிருக்கனா? இத மட்டும் பிரிக்காத."

"அது பாட மாட்டேங்குது அத்தான்."

"பாடுது" என்றார். கோபம் வந்தால் கூடப் பரவாயில்லை, அவர் கண் கலங்கியிருந்தது. மரக்குழலுக்காக இந்த மனிதர் அழுவாரா என்று எனக்கு ஒரே குழப்பம்.

15 செப்டம்பர்

குக்கர் மூடியின் ரப்பர் காஸ்கெட்டைக் காணோம். ஒரு வாரமாகப் பருப்பைச் சட்டியில் வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். குக்கர் இல்லாமல் ஆவியை எப்படிக் குழாய் வைத்துப் பாய்ச்சுவது?

22 செப்டம்பர்

காஸ்கெட் கிடைத்தது. ஆசீரின் டூல்ஸ் பையில், கட்டிங் பிளேயருக்குக் கீழே, கைக்குட்டையில் சுற்றி. அது எப்படி அங்கே போயிற்று என்று கேட்டேன். எலி என்றார். கைக்குட்டையில் சுற்றுகிற எலி. சனிக்கிழமை பிரிக்கப்போகிறேன், ஆண்டவரே வந்தாலும் நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டேன்.

28 செப்டம்பர், சனி

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும். இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் பிள்ளைகளுக்குச் சொல்வது அதுதானே, தெரிந்ததை எழுதாதே, பார்த்ததை எழுது.

காலையிலேயே மேலப்பாளையத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதென்று ஆசீரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது வாசலில் நின்று குழலைத் திரும்பிப் பார்த்தார். நான் குக்கரில் தண்ணீர் வைத்து, விசில் இடத்தில் ரப்பர் குழாயைச் சொருகி ஆவி தயாராக வைத்தேன். வெண்ணெய்க் கத்தியைத் தீட்டினேன். எந்த ஒட்டு அதிகமாக அதிருகிறதோ அதில் ஆரம்பிக்கலாம் என்று, கடைசியாக ஒரு தடவை தட்டைப் போட்டேன்.

இரண்டு கையாலும் குழலைப் பிடித்துக்கொண்டு விரலால் அதிர்வைத் தேடினேன். அதிரும் இடத்தைக் குறிக்கப் பென்சில் வேண்டும், கை காலியில்லை. எப்போதும் செய்கிற மாதிரி பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டை நன்றாகப் பார்க்கக் குனிந்தேன். பென்சில் முனை குழலின் கழுத்தில் முட்டியது.

அவள் என் தலைக்குள் பாடினாள்.

அப்படித்தான் சொல்ல முடியும். கொச்சியில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், இன்றைக்கு எனக்குள்ளே உட்கார்ந்து பாடினாள். ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விட்டது. மிருதங்கக்காரனின் இடது கை. அவள் மேலே போகும்போது தொண்டையில் ஒரு சின்னப் பிசிறு. எல்லாம், எல்லாம் இருந்தது. பயந்துபோய்த் தலையைத் தூக்கினேன். மறுபடியும் சாத்திய கதவு, பக்கத்து வீடு. குனிந்தேன். திரும்ப வந்தாள். நிமிர்ந்தேன். போய்விட்டாள்.

பாட்டு முடிவதற்கு முன்பே ஊசியை எடுத்துவிட்டேன். அடுப்பில் ஆவி போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, தண்ணீர் வற்றிக் குக்கர் அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

கத்தியை அடுக்களையில் வைத்துவிட்டேன்.

29 செப்டம்பர்

கோயிலுக்குப் போகவில்லை, தலைவலி என்றேன். ஆசீர் போன பிறகு, வகுப்பில் தட்டி ஒலி காட்டுகிற இரட்டைக்கால் இசைக்கவையை மேஜையிலிருந்து எடுத்தேன்.

முழங்கையில் தட்டி, காதுக்கு வெளியே பிடித்தேன். எங்கேயோ ஒரு கொசு. அதன் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினேன். கோயில் மணி. மறுபடி வெளியே பிடித்தேன், கொசு. மறுபடி ஊன்றினேன், மணி. வலது காதில் இப்படி. இடது காதில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் அப்படித்தான்.

நல்ல காதுக்குக் காற்று வழிதான் பெரிய வழி. எனக்கு எலும்பு வழி பெரிதாக இருக்கிறது. அப்படியென்றால் உள்ளே நரம்பு உயிரோடு இருக்கிறது, நடுவில் எங்கோ கதவு சிக்கிக்கொண்டிருக்கிறது. ஒலியை இத்தனை வருடம் நடத்தியவளுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? சோதனையை மூன்று தடவை செய்தேன். மாணவி அழுததால் முடிவைக் குறிக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று.

30 செப்டம்பர்

குழலில் ஒரு குற்றமும் இல்லை.

2 அக்டோபர்

இரண்டு நாளாக ஆசீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என்னிடம் பேச வேண்டுமென்றால் முதலில் என் கண்ணில் படுகிற மாதிரி வந்து நிற்கிறார். நான் திரும்பியிருந்தால் மேஜையை லேசாகத் தட்டுகிறார், அதிர்வு எனக்கு எட்டுகிறது. பிறகுதான் வாயைத் திறக்கிறார். எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கண் முன்னால் நடந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை.

இன்றைக்கு லீவு. காலைக் காபியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அத்தான், மீசைய எதுக்கு எடுத்தீய?"

"நரைச்சுட்டுன்னு அன்னைக்கே சொன்னேன்லா."

"அத்தான்."

காபியைக் கீழே வைத்தார். "உதடு தெரியட்டும்னுதான்" என்றார்.

"பெல் காயில் நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டேன்.

"காயிலுக்கு ஒண்ணுமில்ல. நல்லா அடிக்கி. போஸ்ட்மேன் நின்னு நின்னு பாத்துட்டுப் போறான், நீ உள்ளதான் இருக்க. அதான் பல்பு போட்டேன்."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன். கிறிஸ்துமஸ் அன்னைக்கு. தட்டு பறந்துச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்க அம்மா மாதிரி ஆயிருவமோன்னு நீ பயந்த. அந்தப் பயத்தப் பாத்த பிறகு எனக்குத் திரும்பச் சொல்ல வாய் வரல. உன் காத என்னால சரி பண்ண முடியாது. மீசை என்னோடது, எடுத்துட்டேன்" என்றார்.

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். காபி ஆறிப்போயிற்று. மனிதர் மீசை போன துக்கத்தை யாரிடமும் சொல்லாமல், ஊர் முழுக்கக் கேலி செய்ய, உரித்த உருளைக்கிழங்காக என் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கிறார். நான் அதற்கு மயிர்க்கற்றை ஒலியை உறிஞ்சும் என்று பாடம் எழுதி வைத்திருக்கிறேன்.

"டாக்டர்ட்ட போவமா?" என்று கேட்டார்.

"போவோம்."

"அந்தப் பாட்டுக்காரம்மா பேரச் சொல்லட்டா? அன்னைக்கே கேட்டேன், நல்ல பேரு."

"சொல்லாதீய. நானே கேக்கணும்."

"பென்சிலக் கடிச்சுக்கிட்டுக் கேட்டுரு, இப்பமே."

மாட்டேன் என்றேன். நூறு வருடம் தாண்டி ஒருத்தி வந்து தன் பேரைச் சொல்கிறாள், நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றால் மரியாதையாகவா இருக்கும்? காதாலேயே கேட்டுக்கொள்கிறேன்.

12 அக்டோபர்

மதுரையில் காது டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவரும் இசைக்கவையைத்தான் எடுத்தார். நான் என் முடிவுகளைச் சொன்னதும் "பாதி வேலைய நீங்களே முடிச்சுட்டு வந்திருக்கீங்களே டீச்சர்" என்றார்.

அங்கவடி எலும்பு. நடுச்செவியில் இருக்கும் மூன்றில் கடைசி, உடம்பிலேயே சின்ன எலும்பு. அது அசையாமல் இறுகிவிட்டது. இரண்டு காதிலும். காரிலும் பஸ்ஸிலும் மட்டும் ஆசீர் பேச்சு எப்படிக் கேட்கிறது என்று கேட்டேன், இந்த மாதிரிக் காதுக்கு இரைச்சலுக்கு நடுவில்தான் பேச்சு நன்றாக எட்டுமாம். குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மா என்றேன். அம்மாவை யாரும் இப்படி ஒரு நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்ததில்லை. வயசானால் இப்படித்தான் என்று எல்லோருமாக முடிவு கட்டிவிட்டோம். அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது, இப்போதும் குத்துகிறது.

காது மிஷின் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஆபரேஷன் செய்து, அந்த எலும்புக்குப் பதிலாக குண்டூசி கனத்தில் ஒரு சின்னத் தண்டு வைக்கலாம். பெரும்பாலும் நன்றாக வருமாம். ஆனால் நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது அடியோடு போய்விடவும் கூடும் என்று ஒளிக்காமல் சொன்னார். முதலில் மோசமான காது, வலது. அது சரியாக வந்தால் அப்புறம் இடது.

வெளியே வந்து ஜிகர்தண்டா குடித்தோம். "நீ சொல்லுதபடிதான்" என்றார் ஆசீர். நல்ல குழலை வெறும் சந்தேகத்துக்கே பிரிக்கத் துணிந்தவள், நிஜமாகவே பழுதான காதைத் திறக்கவா பயப்படப்போகிறேன் என்று சொன்னேன். பயம்தான். ஆனாலும் தேதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

14 நவம்பர், வியாழன்

நாளைக்கு. பையில் இரண்டு நைட்டி, பைபிள், பிளாஸ்க். மரக்குழலைத் துணி போட்டு மூடினேன். பிறகு மூச்சு முட்டும் போலத் தோன்றித் துணியை எடுத்துவிட்டேன்.

20 நவம்பர்

வீட்டுக்கு வந்தாயிற்று. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. கிராமபோனுக்குச் சாவி கொடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா தனியாகச் சொல்லவில்லை, ஆசீர் சேர்த்துக்கொண்டார். நடந்தால் வீடு கப்பல் மாதிரி ஆடுகிறது. காதில் பஞ்சு. அவர் வைக்கிற ரசம் ரசமே இல்லை, ஆனால் குடிக்கிறேன்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் ஆபரேஷன், முழித்தே இருந்தேன். கடைசியில் டாக்டரம்மா, "டீச்சர், கேக்குதா?" என்றார். மாஸ்க் போட்டிருந்தார். உதடு எனக்குத் தெரியவில்லை.

கேட்டது.

30 நவம்பர்

பஞ்சை எடுத்துவிட்டார்கள். உலகம் இத்தனை இரைச்சலா! ஆசீர் பேப்பரைப் புரட்டினால் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. வெண்டைக்காய் நறுக்கும்போது சத்தம் வரும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. என் வளையல் சத்தம் போடுகிறது. எங்கள் வீட்டு ஃபேனுக்கு ஒரு முனகல் இருக்கிறது, அதைச் சரி பண்ணச் சொன்னேன். "பத்து வருஷமா முனகுது" என்றார். மணி அடித்தேன் என்று அன்றைக்குச் சத்தியம் செய்த வாட்ச்மேனைப் பார்த்து ஒரு கிலோ மஸ்கோத் அல்வா கொடுக்க வேண்டும்.

மரக்குழலை இன்னும் தொடவில்லை. தலைசுற்றல் முழுக்க நிற்கட்டும்.

8 டிசம்பர், ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். புதிய ஐயர் நன்றாகத்தான் பிரசங்கம் செய்கிறார், கொஞ்சம் நீளம்.

சாப்பிட்டு முடித்ததும் ஆசீர் தானாகவே போய்ச் சாவி கொடுத்தார். புது ஊசி போட்டார். தட்டை மெதுவாக வைத்தார். "நீ கேளு. நான் பாத்திரத்தக் கழுவிட்டு வாரேன்" என்று அடுக்களைக்குப் போனார். நான் அழுதால் பார்க்க வேண்டாம் என்று போயிருப்பார்.

நாற்காலியைக் குழலுக்கு எதிரே, வலது காது அதன் பக்கம் இருக்கும்படி போட்டுக்கொண்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். பென்சிலைத் தூரத்தில் வைத்துவிட்டேன்.

முதலில் ஊசி தட்டில் நடக்கிற கரகரப்பு. பிறகு ஆர்மோனியம். பிறகு அவள். தலைக்குள்ளே வந்து உட்காரவில்லை, எதிரே உட்கார்ந்தாள், கொச்சியில் உட்கார்ந்த அதே தூரத்தில். மேலே போகும்போது அந்தப் பிசிறு இருந்தது. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. பாட்டு முடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறவள் மாதிரி அவள் சொன்னாள்:

"அம்பாசமுத்திரம் சங்கரவடிவு!"

என்ன தெம்பு. அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. எனக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்து ஊர்க்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுக்க எழுந்தேன். அப்போது, தட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோது, யாரோ இருமினார்கள். மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, பாட்டுக்குரல் இல்லாத சாதாரண வீட்டுக்குரலில், அலுத்துப்போய், அவள் கேட்டாள்:

"போதுமாய்யா?"

இதை எனக்கு யாரும் சொல்லவே இல்லையே! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பதிவு செய்த துரை என்ன பதில் சொன்னானோ, அதற்குள் தட்டு முடிந்துவிட்டது. சங்கரவடிவு என்று ஒரு காகிதத்தில் எழுதி, பூச்சி அரித்த லேபிள் மேல் ஒட்டினேன்.

அடுக்களைக்குப் போனேன். ஆசீர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஜையைத் தட்டவில்லை, எதிரே வந்து நிற்கவில்லை. நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"கேட்டுட்டேன் அத்தான். இனிமே மீசைய வளருங்க."

அவர் திரும்பவில்லை. குழாயை மூடவும் இல்லை. வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்ட அந்தப் பழைய முணுமுணுப்பில், சட்டியைப் பார்த்தே சொன்னார்:

"ஒரு காதுதான சரியாயிருக்கு. இப்பத்துக்குப் பாதி மீசை போதுமாய்யா?"